கேபினில் 4 பேர் படுக்கலாம், சரி. யார் எங்கே படுப்பது?

சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 4 இரவுக் கப்பல் பயணம். அவர், கணவர், 9 வயது மகன், 4 வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார் என்று ஐந்து பேர். முன்பதிவுப் பக்கத்தில் பால்கனி கேபினுக்குக் கீழே "2 ட்வின் படுக்கைகள், கிங் ஆக மாற்றலாம், 1 சோபா படுக்கை, 1 புல்மேன்" என்று போட்டிருக்கிறது. ஏஜென்ட், "ட்வின் ரெண்டு, கிங் ஒண்ணு, சோபா ஒண்ணு, புல்மேன் ஒண்ணு, ஆக அஞ்சு. ஒரே ரூம்ல முடிச்சிடலாம்" என்கிறாராம். நம்பிப் பணம் கட்டலாமா?

இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்த வரியில் இருப்பது ஐந்து படுக்கை அல்ல, நான்கு: ட்வின் என்கிற ஒற்றை ஆள் கட்டில் இரண்டு, சோபா ஒன்று, புல்மேன் என்கிற மடிப்பு மேல் கட்டில் ஒன்று. கிங் என்று தனியாக ஒரு கட்டில் அந்த அறையில் கிடையாது. இரண்டு ட்வினையும் ஒட்டிப் போட்டால் அதற்குப் பெயர் கிங், தள்ளிப் போட்டால் ட்வின். மாற்றலாம் என்ற சொல்லை ஏஜென்ட் கவனிக்கவில்லை. ஐந்தாவது பெயரை அடித்தால் கம்பெனியின் கணினியே ஏற்காது.

நான் 9 வருடம் பயணிகள் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன். கட்டிலைச் சேர்ப்பது, பிரிப்பது, சாயங்காலம் மேல் கட்டிலை இறக்குவது, காலையில் மடித்து ஏற்றுவது இதுதான் என் அன்றாட வேலை. முதல் நாள் மாலை கேபின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எப்படிப்பா நாலு பேரு?" என்று என்னிடம் கேட்ட குடும்பங்கள் ஏராளம். அந்தக் கேள்வியை வீட்டில் உட்கார்ந்து, பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அவர்களுடைய நான்கு நாளும் நன்றாகக் கழிந்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கப்பல் கம்பெனி "4 பேர்" என்று சொல்வது, தலை சாய்க்க நான்கு இடம் உண்டு என்ற கணக்கு. அந்த நாலில் எத்தனை தரையோடு இருக்கின்றன, எத்தனை ஏணி ஏறிப் போக வேண்டியவை, எத்தனை பகலில் சோபாவாக இருப்பவை என்பதை அந்த எண் சொல்லாது. உங்கள் வீட்டில் ஐந்து பேரில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு 4 வயது. இந்த இரண்டு பேரும் ஏணி ஏறக் கூடாதவர்கள். அதனால் நீங்கள் எண்ண வேண்டியது மொத்தப் படுக்கையை அல்ல, கீழ்ப் படுக்கையை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் அந்த இரண்டு ட்வின்.

ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி தன் கேபின் விவரத்தில் இரண்டு ட்வினையும் சேர்த்த படுக்கையை "ராயல் கிங்" என்கிறது. அகலம் 72.5 அங்குலம், நீளம் 82 அங்குலம். பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 36 அங்குலம் சொச்சம், அதாவது நம்மூர் மெத்தைக் கடையில் சிங்கிள் என்று கேட்டால் கொடுக்கும் அளவு. அகலமான ஆளுக்குக்கூடப் போதும். ஆனால் இதே மாதிரி இரண்டு கட்டிலைச் சேர்த்ததை நார்வீஜியன் கம்பெனி குவீன் என்று எழுதும். பெயரை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள், அங்குலத்தைக் கேளுங்கள். எல்லாக் கட்டிலும் பிரியும் என்றும் நினைக்க வேண்டாம். டிஸ்னி ட்ரீம் கப்பலின் வழக்கமான கேபின்களில் இருப்பது பிரியாத குவீன் கட்டில். கார்னிவல் கப்பல்களில் 1ஏ என்று ஒரு மலிவு வகை உண்டு. அதில் கீழே ஒரு ட்வின், மேலே ஒரு மடிப்புக் கட்டில், அவ்வளவுதான். புதுசாகக் கல்யாணமானவர்கள் விலையை மட்டும் பார்த்து அதைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு அடுக்கில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ப்பதும் பிரிப்பதும் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எப்போது சொல்ல வேண்டும் என்பதும் புரியும். கட்டில் சட்டங்கள் இரண்டையும் ஒட்டித் தள்ளி, நடுவில் இருக்கும் சின்ன மேசையை எடுத்து ஓரத்தில் போட்டு, இரண்டு மெத்தைக்கும் சேர்த்து ஒரே பெரிய விரிப்பை விரிப்போம். பிரிக்கும்போது இதெல்லாம் தலைகீழ். விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் வேறு அளவு, ஸ்டோரிலிருந்து கொண்டுவர வேண்டும். துறைமுக நாளில் பழைய பயணிகள் காலையில் இறங்கி, புதியவர்கள் மதியம் ஏறுவதற்குள் ஒரு ஸ்டூவர்ட் பதினைந்து, இருபது கேபினை முடித்தாக வேண்டும். முன்பதிவிலேயே ட்வின் என்று பதிவாகி இருந்தால் எங்கள் கைக்கு வரும் தாளில் அது அச்சாகியிருக்கும், நீங்கள் வருவதற்குள் தயாராக இருக்கும். பதிவாகாவிட்டாலும் பயப்பட வேண்டாம். ஏறியவுடன் ஸ்டூவர்டைப் பார்த்துச் சொல்லுங்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரித்திருப்பார். சேர்த்துப் போட்ட கட்டிலின் நடுவில் மெத்தை மூட்டு முதுகில் உறுத்துகிறது என்றால் மேலே போட ஒரு மெல்லிய மெத்தை கேளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் கிடைக்கும்.

அடுத்தது புல்மேன். இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளைக் கட்டிய ஜார்ஜ் புல்மேனிடமிருந்து வந்தது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் அப்பர் பெர்த். பகலில் சுவரோடு அல்லது கூரையோடு மடிந்து கிடக்கும், இருப்பதே தெரியாது. ஸ்டூவர்ட் ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினால் பூட்டு விடுபட்டு இறங்கி நிற்கும். பிறகு தடுப்புக் கம்பியை நிமிர்த்தி, ஏணியை மாட்டுவோம். ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிடச் சந்தோஷமான இடம் கப்பலில் வேறு கிடையாது. உங்கள் மகன் அங்கே தாராளமாகப் படுக்கலாம். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேல் கட்டிலில் போடக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி, கடலில் கப்பல் ஆடும்போது அதற்கு இன்னும் அர்த்தம் உண்டு. எனவே மகள் கிடையாது. பெரியவர்கள் படுப்பதானால் அந்தக் கட்டிலுக்கு எடை வரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு கேபின் உண்டு. எந்தக் கப்பல், எந்த ஏஜென்ட் என்பது இங்கே வேண்டாம். கணவன், மனைவி, கல்லூரி படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய பாட்டி. ஜன்னல் இல்லாத இன்டீரியர் கேபின், கீழே இரண்டு ட்வின், மேலே இரண்டு புல்மேன். பாட்டிக்குக் கீழ்க் கட்டில்தான் கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஏணி இரண்டும் கட்டிலுக்கு நடுவில் இருந்த ஒற்றை நடைபாதையில் இறங்கி நின்றன. குளியலறைக்குப் போக வேண்டுமானால் இருட்டில் ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவ வேண்டும். நான் தினமும் மாலையில் ஒரு ஜக்கில் தண்ணீர் நிரப்பி அவர் பக்கத்தில் வைப்பேன். இரண்டாம் நாள் காலை ஜக் வைத்த மாதிரியே நிறைந்து இருந்தது. மூன்றாம் நாளும். கேட்டேன். "ராத்திரி எந்திரிக்க வேண்டியிருக்கும்ல தம்பி, அதான் ஆறு மணிக்கு மேல குடிக்கிறதில்ல" என்றார். அன்று மேலதிகாரியிடம் சொல்லி, எதிர் வரிசையில் காலியாக இருந்த ஒரு கேபினைக் கேட்டு, பாட்டியையும் பேத்தியையும் மாற்றிக் கொடுத்தோம். காலி கேபின் இருந்தது அதிர்ஷ்டம். நிறைந்து ஓடும் கப்பலில் அப்படி ஒன்று கிடைக்காது.

உங்கள் மாமியாரை நினைத்தால் எனக்கு அந்த ஜக்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வயதானவருக்குக் கீழ்ப் படுக்கை மட்டும் போதாது. படுக்கையிலிருந்து குளியலறைக் கதவு வரை ஏணியோ விரித்த சோபாவோ குறுக்கே வராத வழியும் வேண்டும்.

சோபா படுக்கைக்கு வருவோம். இதில்தான் ஏமாற்றம் அதிகம். ஒற்றை ஆள் சோபாவும் உண்டு, இருவர் படுக்கும் சோபாவும் உண்டு. விவரத்தில் வெறும் சோபா படுக்கை என்று இருந்தால் எத்தனை பேருக்கு என்று கேட்டே ஆக வேண்டும். கட்டில் மெத்தையைவிட இது மெல்லிசு, உயரமும் குறைவு. குழந்தைக்குப் பிரச்சினையே இல்லை, உங்கள் மகளுக்குப் பொருத்தமான இடம் இதுதான், விழுந்தாலும் முழங்கால் உயரம்கூட இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு இது ஆகாது. அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து எழுந்திருப்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. விரித்தால் அது தரையையும் விழுங்கும். 182 சதுர அடி என்பது ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் வழக்கமான பால்கனி கேபினின் அளவு. அதற்குள்தான் குளியலறை, அலமாரி, மேசை, கட்டில் எல்லாம். சோபாவை விரித்த பிறகு மிஞ்சும் இடத்தில் ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். 1990-களில் கட்டிய பல கப்பல்களில் கேபின்கள் இதைவிடச் சிறியவை.

பால்கனி கேபினில் இன்னொரு விஷயம், முன்பதிவுப் பக்கம் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது. கட்டில் பால்கனிக் கதவை ஒட்டி இருக்கிறதா, அலமாரியையும் குளியலறையையும் ஒட்டி இருக்கிறதா? அடுத்தடுத்த கேபின்களில் இது பெரும்பாலும் மாறி மாறி வரும். ஒன்றில் கட்டில் பால்கனிப் பக்கம், சோபா வாசல் பக்கம். அடுத்ததில் சோபா பால்கனிப் பக்கம், கட்டில் வாசல் பக்கம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதல் வகையைச் சொல்வேன். பிள்ளை சோபாவில் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம், யாரையும் தாண்ட வேண்டியதில்லை. பால்கனிக் கதவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உங்கள் கட்டில் இருப்பதும் மனதுக்கு நிம்மதி. வயதானவர் படுக்கும் கேபினுக்கு இரண்டாவது வகை. கட்டிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் குளியலறை. கேபின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் கம்பெனியின் முன்பதிவுப் பிரிவு இதைப் பார்த்துச் சொல்லும், ஏஜென்டைக் கேட்க வையுங்கள்.

இதற்கெல்லாம் டெக் பிளான் கையில் வேண்டும். கப்பலின் ஒவ்வொரு தளத்தையும் மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்திருப்பார்கள், கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சில கேபின் எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம், முக்கோணம், சிலுவை, அம்பு என்று குட்டிக் குட்டிக் குறிகள் இருக்கும். படத்தின் ஓரத்தில் அவற்றுக்கு விளக்கம் போட்டிருப்பார்கள்: சோபா படுக்கை உள்ளது, மூன்றாவது ஆளுக்குப் புல்மேன் உள்ளது, மூன்றாவது, நான்காவது ஆட்களுக்குப் புல்மேன்கள் உள்ளன, சக்கர நாற்காலிக்கு ஏற்றது என்று. ராயல் கரீபியனில் இரு பக்கமும் முனை உள்ள அம்பு இரண்டு கேபின்களுக்கு இடையே இருந்தால் நடுவில் கதவு உண்டு என்று பொருள். ஒரு கம்பெனியின் குறியை மனப்பாடம் செய்துகொண்டு மற்றொரு கம்பெனியின் படத்தைப் படிக்காதீர்கள், குறிகள் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் ஏஜென்ட் அனுப்பிய விவரம் கேபின் வகைக்கானது. ஒரே வகைக்குள்ளேயே சில கேபின்களில் புல்மேன் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உங்களுக்கு வரப்போகிற எண்ணுக்கு என்ன குறி என்பதுதான் முக்கியம்.

விலை குறைவாக கியாரண்டி கேபின் என்று ஒன்றைக் காட்டுவார்கள். வகை மட்டும் உறுதி, எண்ணைக் கம்பெனி பிறகு தன் வசதிப்படி ஒதுக்கும். இரண்டு பெரியவர்கள் மட்டும் போவதானால் தாராளமாக எடுங்கள், பணம் மிச்சம். உங்களுக்கு வேண்டாம். இரண்டு கேபின் எடுத்தால் ஒன்று முன்பக்கமும் ஒன்று பின்பக்கமும் விழலாம், அதைத் தடுக்க வழியில்லை.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். படத்தில் நான்கு படுக்கை இருக்கும் கேபினில் மூன்றாவது ஆளைச் சேர்த்தால் சில நேரம் கணினி "இல்லை" என்று சொல்லும். காரணம் உயிர்காப்புப் படகு. கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் படகில் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அது பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் அங்கே மேல் கட்டில் காலியாக இருந்தாலும் விற்க மாட்டார்கள். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2,805 கேபின்கள், கேபினுக்கு இருவர் வீதம் 5,610 பேர். எல்லாச் சோபாவும் மேல் கட்டிலும் சேர்த்து உச்சபட்சம் 7,600. அந்த 1,990 கூடுதல் இடங்களுக்குத்தான் பள்ளி விடுமுறையில் அத்தனை குடும்பங்களும் போட்டி போடுகின்றன. கைக்குழந்தையும் இந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கூடுதலாக ஒரு மெத்தையைத் தரையில் போடச் சொன்னாலும் செய்ய மாட்டார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது விலைக்காக மட்டும் அல்ல.

சரி, உங்கள் ஐந்து பேருக்கு என்ன செய்வது? இரண்டு கேபின் எடுங்கள், நடுவில் கதவு உள்ள கனெக்டிங் கேபின்களாக. அடுத்தடுத்த எண் என்பதாலேயே கதவு இருக்கும் என்று எண்ண வேண்டாம், அம்புக் குறியைப் பாருங்கள். ஒன்றில் நீங்களும் கணவரும் கட்டிலைச் சேர்த்துப் போட்டு, மகளுக்குச் சோபா. மற்றதில் மாமியாரும் மகனும், கட்டிலைப் பிரித்து ட்வினாக, இருவருக்கும் கீழ்ப் படுக்கை. அந்த அறையில் மேல் கட்டிலே இறங்காது, ஏணி வராது, பாட்டி ராத்திரி எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இரண்டு குளியலறை என்பது ஐந்து பேர் காலையில் கிளம்பும்போது எவ்வளவு பெரிய வசதி என்பதை முதல் நாளே உணர்வீர்கள்.

செலவு இரட்டிப்பாகுமே என்பீர்கள். ஆகாது. கப்பலில் விலை கேபினுக்கு இருவர் என்ற அடிப்படையில் போடுவது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் மட்டும் ஆளுக்கு ஆள் வரும். அதனால் 3 + 2 என்று பிரித்தால் நான்கு பேருக்கு முழுக் கட்டணம், ஒருவருக்குக் குறைந்த கட்டணம். 4 + 1 என்று மாமியாரைத் தனியாகப் போட்டால் அந்த ஒருவருக்கு இருவர் பணம் கட்ட நேரிடும். பல கம்பெனிகளில் தனி ஆள் கட்டணம் அப்படித்தான். தனியாகப் போகிறவர்களுக்கென்றே சில கப்பல்களில் ஸ்டூடியோ கேபின்கள் உண்டு. 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக்கில் 100 சதுர அடியில் 128 இருந்தன. ஆனால் அவை குடும்பத்திலிருந்து வேறு பகுதியில் இருக்கும், மாமியாருக்குச் சரிப்படாது.

கனெக்டிங் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. உங்களுக்கு ஒரு பால்கனி, அதற்கு நேர் எதிரே நடைவழியைத் தாண்டி மாமியாருக்கும் மகனுக்கும் ஒரு இன்டீரியர். கதவைத் திறந்தால் மூன்று அடி. இன்டீரியர் மலிவு, ஜன்னல் இல்லாததால் இருட்டாக இருக்கும், பெரியவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். பகலில் எல்லாரும் உங்கள் பால்கனியில் உட்காரலாம். என் வரிசையில் இப்படி எடுத்த குடும்பங்கள் மிகத் திருப்தியாகப் போயிருக்கின்றன. இரவில் குளியலறை விளக்கை மட்டும் போட்டுக் கதவை லேசாகத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை எங்கே கால் எங்கே என்று தெரியாது.

ஏஜென்டிடம் வாயால் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள்: இரண்டு கேபின்களின் எண்கள், நடுவில் கதவு உண்டா, எந்தக் கேபினில் கட்டில் சேர்த்து, எதில் பிரித்து, சோபா ஒருவருக்கா இருவருக்கா, கட்டில் எந்தப் பக்கம். உறுதிச்சீட்டு வந்ததும் கட்டில் விருப்பம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் செயலியில் முன்பதிவு எண்ணைப் போட்டு நீங்களே சரிபார்க்கவும் பெரும்பாலும் முடியும்.

கப்பலில் ஏறியதும் முதல் வேலையாக இரண்டு கேபினையும் திறந்து பாருங்கள். நடுக்கதவு பூட்டியிருக்கும், ஸ்டூவர்ட்தான் திறந்துவிட வேண்டும். கட்டில் பிரித்திருக்கிறதா, மாமியார் கட்டிலில் உட்கார்ந்து எழுந்திருக்க உயரம் சரியாக இருக்கிறதா, பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் நடைவழி காலியாகிறதா என்று பாருங்கள். எது மாற வேண்டுமானாலும் அன்று மதியமே ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி என்பதையும் சொல்லிவிடுங்கள்.